நம் மேளத்துக்கு எந்தக் கீபோர்டு?

புதுக்கோட்டை மாவட்டத்தில் பங்குனி பிறந்துவிட்டால் கீபோர்டு வாசிப்பவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. நார்த்தாமலை மாரியம்மன் திருவிழா தொடங்கி ஆடி கடைசி வரை ஏதாவது ஓர் ஊரில் காப்புக் கட்டியிருப்பார்கள். ஓர் ஊரில் கரகாட்டத்துடன் நையாண்டி மேளம், அடுத்த ஊரில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம், அதற்கடுத்த ஊரில் கிராமியப் பாட்டுக் கச்சேரி. இம்மாவட்டத்துக்காரரான செந்தில்கணேஷ் 2018இல் சூப்பர் சிங்கர் பட்டம் வென்ற பிறகு, நாட்டுப்புறப் பாட்டைத் தொழிலாக எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இளைஞர்களிடம் கூடியிருக்கிறது. குழு தொடங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி: எந்தக் கீபோர்டு வாங்குவது?

கடையில் இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் உண்டு. இதில் 800 டோன், அதில் 1,000 டோன், இந்த மாடலில் இத்தனை ஸ்டைல் என்று கணக்கு ஒப்பிப்பார்கள். சினிமாப் பாட்டு மட்டும் வாசிப்பவருக்கு அந்தக் கணக்கு ஓரளவு உதவும். நம் மரபு இசையை வாசிக்க விரும்புகிறவர் பார்க்க வேண்டியவை வேறு மூன்று: ஸ்வரத்தை வளைக்க இடது கைக்கு வசதி இருக்கிறதா, சுருதியை நாகஸ்வரத்தோடு இணைக்க முடிகிறதா, நம் ஊர்த் தாளக்கருவிகளின் ஒலியை நாமே உள்ளே ஏற்ற இடம் இருக்கிறதா. இந்த மூன்றையும் சோதிப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

முதலில் உங்கள் மேடையைத் தீர்மானியுங்கள்

நம் பகுதியில் கீபோர்டுக்கு நான்கு வகை வேலை இருக்கிறது. ஒவ்வொன்றும் கருவியிடம் வெவ்வேறு உழைப்பைக் கேட்கிறது.

கிராமியப் பாட்டுக் கச்சேரி: தெம்மாங்கு, கும்மி, ஒயில், சாமிப் பாட்டு. இங்கே கீபோர்டு பாடகருக்கு முன்னிசையும் இடையிசையும் கொடுக்கும். பாட்டுக்குப் பாட்டு டோன் மாறும், சுருதி மாறும். அந்த மாற்றத்தை ஒரே பொத்தானில் செய்யும் வசதி முதல் தேவை.

ஸ்பெஷல் நாடகம்: சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த நாடக மரபு இன்னும் நம் கிராமங்களில் உயிரோடு இருக்கிறது. சினிமாவில் கொடிகட்டிப் பறந்த புதுக்கோட்டை பி.யு. சின்னப்பாவும் (1916–1951) நாடக மேடையில் வளர்ந்தவர்தான். இந்த மேடையின் அரசன் ஆர்மோனியம். அதன் இடத்தில் கீபோர்டு வைப்பவருக்குத் தேவை, நல்ல ஆர்மோனிய டோன் ஒன்று, ராத்திரி முழுக்கச் சூடாகாமல் உழைக்கும் கருவி, நடிகர் பாடத் தொடங்கும் சுருதிக்கு உடனே தாவும் டிரான்ஸ்போஸ். நூற்றுக்கணக்கான ஸ்டைல்களுக்கு இங்கே வேலை இல்லை.

கர்நாடக இசை, பக்திப் பாடல், நடனத்துக்குப் பக்கவாத்தியம்: பத்மஸ்ரீ பெற்ற முத்துக்கண்ணம்மாள் காத்து வைத்திருக்கும் விராலிமலைச் சதிர் மரபு இந்த மாவட்டத்தின் சொத்து. இத்தகைய இசைக்குப் பின்னால் கீபோர்டு உட்கார வேண்டுமானால் கமகம் பேச வேண்டும். டோன் எண்ணிக்கை பத்து இருந்தாலே போதும்.

வீட்டில் பாடல் அமைத்துப் பதிவு செய்வது: சாமிப் பாட்டு ஆல்பம், குறும்படம், யூடியூப் வெளியீடு. இவர்களுக்குத்தான் ஒர்க்ஸ்டேஷன் என்ற வகை முழுப் பயன் தரும்.

நான்கையும் ஒரே கருவியில் செய்ய நினைப்பதில் தவறில்லை. ஆனால் வருமானம் எதிலிருந்து வருகிறதோ அந்த மேடைக்கு ஏற்ற கருவியை முதலில் வாங்குங்கள்.

மூன்று வகைக் கருவிகள்

முதல் வகை அரேஞ்சர். இடது கையில் கார்டு பிடித்தால் தாளமும் பேஸும் தானாக ஓடும். இந்தியச் சந்தைக்கென்றே வந்த யமஹா பிஎஸ்ஆர்-ஐ500, கேசியோ சிடி-எக்ஸ்870ஐஎன் போன்றவை இதில் தொடக்க நிலை. யமஹாவின் ஐ வரிசையில் தம்பூராவும் தபலாவும் சேர்ந்து ஒலிக்கும் ரியாஸ் வசதி இருப்பதால் வீட்டில் சாதகம் செய்யவும் உதவும். மேல்நிலையில் யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ் வரிசை, கோர்க் பிஏ700 போன்றவை. இவற்றில் ஸ்டைலை நீங்களே உருவாக்கலாம், ஸ்வரங்களின் நுண்சுருதியையும் மாற்றலாம்.

இரண்டாவது ஒர்க்ஸ்டேஷன். ஒலி உருவாக்கம், பல தடப் பதிவு, எஃபெக்ட் மூன்றும் ஒரே பெட்டிக்குள். 1988இல் வந்த கோர்க் எம்1 இந்த வகையை உலகெங்கும் பரப்பியது. அந்த வழியில் வந்தவை கோர்க் டிரைட்டன், யமஹா மோட்டிஃப், ரோலண்ட் ஃபேன்டம். இன்றைய பெரிய ஒர்க்ஸ்டேஷன்கள் ஒரு சிறிய குழுவின் பல ஆண்டு வருமானத்தை விழுங்கும் விலையில் இருக்கின்றன. அந்தச் செலவு ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கே கட்டுப்படியாகும்.

மூன்றாவது, இரண்டுக்கும் நடுவே நிற்கும் மேடை சிந்தசைசர். ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10, எக்ஸ்பிஎஸ்-30, ஜூனோ-டிஎஸ், கோர்க் கிராஸ் 2, யமஹா மோடிஎக்ஸ் முதலியவை. தூக்க எளிது, டோனைத் திருத்தலாம். எக்ஸ்பிஎஸ்-30இலும் ஜூனோ-டிஎஸ்ஸிலும் வெளியில் பதிவு செய்த வேவ் கோப்பை உள்ளே ஏற்றலாம். கிராஸ் 2இல் 16 பேட் கொண்ட சாம்ப்ளரும் 16 தட சீக்வென்சரும் உண்டு. மோடிஎக்ஸில் சொந்த ஒலிகளுக்கென்று 1 ஜிபி இடம் இருக்கிறது. நம் ஊர்க் கச்சேரிக் குழுவுக்கு இந்த நடு வகைதான் பெரும்பாலும் சரிப்படும். இவற்றில் சில மாடல்கள் இப்போது பழையதாக மட்டுமே கிடைக்கும் என்பதால் இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியையும் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கமகம்: இடது கையின் வேலை

அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971 வரை அது தளரவில்லை. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு அது தாவுமே தவிர வழுக்காது, கமகம் வராது என்பது அன்று சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று. கீபோர்டின் கீகளுக்கும் அதே குறை உண்டு. ஆனால் கீபோர்டுக்கு இடப்பக்கத்தில் ஒரு மாற்று இருக்கிறது: பிட்ச் பெண்ட். கீபோர்டில் கர்நாடக இசையைக் கச்சேரித் தரத்துக்குக் கொண்டுவந்த கே. சத்யநாராயணன் போன்றவர்களின் வாசிப்பைக் கவனித்தால், வலது கைக்குச் சமமாக இடது கை உழைப்பது தெரியும்.

கடையில் இதைச் சோதிக்கத் தோடி ஒன்று போதும். ‘ச’வை 1 கட்டையில், அதாவது சி கீயில் வைத்துக்கொள்ளுங்கள். தோடியின் காந்தாரம் ஈ ஃபிளாட் கீயில் விழும். அதை வெறுமனே அழுத்தினால் தோடி வராது. அந்தக் காந்தாரம் கீழே ரிஷபத்தையும் மேலே மத்யமத்தையும் தொட்டு அசைய வேண்டும். பிட்ச் பெண்ட் வரம்பை 2 அரைச்சுரம் என்று வைத்தால், கீழே முழுக்க இழுக்கும்போது டி ஃபிளாட், அதாவது சுத்த ரிஷபம் கிடைக்கும். மேலே முழுக்கத் தள்ளினால் எஃப், அதாவது சுத்த மத்யமம். விரல் ஒரே கீயில் இருக்க, இடது கை மட்டும் அசைந்து முழு அசைவையும் தர வேண்டும். இதை மெதுவாகவும் வேகமாகவும் ஒரு பத்து முறை செய்யுங்கள். ஒலி படிப்படியாக ஏறி இறங்கும் சத்தம் கேட்டாலோ, கை எடுத்ததும் சரியான இடத்துக்குத் திரும்பாமல் சற்று விலகி நின்றாலோ அந்தக் கருவி வேண்டாம்.

கைப்பிடியின் வடிவமும் முக்கியம். யமஹாவின் பல மாடல்களில் சக்கரம், ரோலண்டில் பக்கவாட்டில் தள்ளும் லீவர், கோர்க்கின் பல மாடல்களில் ஜாய்ஸ்டிக். சக்கரத்தில் மெல்லிய அசைவு எளிதாகக் கைவரும். லீவர் ஸ்பிரிங் விசையோடு சட்டென்று நடுவுக்குத் திரும்புவதால் நாட்டுப்புறப் பாட்டின் வெட்டு வெட்டான பிருகாவுக்குப் பொருந்தும். எது உங்கள் கைக்குப் படிகிறதோ அதுவே நல்லது. விலை குறைந்த சில மாடல்களில் பிட்ச் பெண்டே இருக்காது. அவற்றை இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

இன்னும் மூன்று வசதிகளை மெனுவில் தேடுங்கள். மோனோ: ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் ஒலிப்பது. லெகாட்டோ: அடுத்த கீயை அழுத்தும்போது ஒலி மறுபடி முதலிலிருந்து தொடங்காமல் தொடர்ந்து செல்வது. போர்ட்டமென்டோ: ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்குவது. நாகஸ்வரம், புல்லாங்குழல், வயலின் டோன்களுக்கு இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஜாரு கேட்கும். போர்ட்டமென்டோ நேரத்தை மிகக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். கூட்டினால் எல்லா ஸ்வரமும் தள்ளாடும்.

கம்பெனி கொடுக்கும் நாகஸ்வர டோன்களில் ஒரு பொதுக் கோளாறு உண்டு. ஸ்வரத்தைப் பிடித்தவுடன் தானாகவே ஒரு நடுக்கம் தொடங்கிவிடும். நீங்கள் கொடுக்கும் கமகத்தின் மேல் அந்த நடுக்கமும் ஏறிக்கொண்டால் ராகம் கலங்கிவிடும். டோனுக்குள் போய் வைப்ரேட்டோவைப் பூஜ்யமாக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த டோன் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது.

சுருதி: கட்டையும் அதற்குள் இருக்கும் நுணுக்கமும்

புதுக்கோட்டை நகரிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது குடுமியான்மலை. அங்குள்ள குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில், ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு ஒன்று கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. ஏழு பகுதிகளாக, ஏழு பண்களுக்கு ஸ்வரக் கோவைகள். அதில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே எழுத்தாக நிற்பதில்லை. ர, ரி, ரு, ரெ என்று உயிரெழுத்து மாறி மாறி வருகிறது. இந்த மாற்றம் எதைக் குறிக்கிறது என்பதற்கு ஆய்வாளர்கள் பலவித விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். எந்த விளக்கத்தை ஏற்றாலும் ஒன்று நிச்சயம்: ஸ்வரத்துக்குள் வேறுபாடு உண்டு என்ற கவனம் நம் மண்ணில் மிகப் பழையது. ஓர் எண்மத்தைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்த கீபோர்டை அந்த மண்ணின் இசைக்குப் பயன்படுத்துகிறவர் அந்தக் கவனத்தைக் கைவிடக் கூடாது.

நடைமுறையில் மூன்று அமைப்புகளைப் பாருங்கள்.

டிரான்ஸ்போஸ். சி என்பது 1 கட்டை, டி 2, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. இடையில் உள்ள கருப்புக் கீகள் அரைக் கட்டைகள். ஆண் பாடகர் ஒன்று, ஒன்றரையில் பாடுவார், பெண் பாடகர் ஐந்து, ஐந்தரைக்குப் போவார். ஒரே மேடையில் இருவரும் பாடும்போது டிரான்ஸ்போஸ் பொத்தான் மெனுவுக்குள் ஒளிந்திருந்தால் திண்டாட வேண்டியதுதான். அது கைக்கெட்டும் தூரத்தில், திரையில் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும்.

மாஸ்டர் டியூன். கீபோர்டு கம்பெனியிலிருந்து வரும்போது ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில் இருக்கும். நாகஸ்வரம் அந்தக் கணக்குக்குச் செய்யப்பட்டதல்ல. சீவாளியைக் கொண்டு கலைஞர் சிறிதளவே ஏற்றி இறக்க முடியும். ஆகவே கீபோர்டுதான் நாகஸ்வரத்திடம் வர வேண்டும். கலைஞரை ‘ச’வை நீட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு நீங்களும் அதே ஸ்வரத்தை ஆர்மோனியம் போன்ற நேரான டோனில் பிடியுங்கள். இரண்டும் விலகியிருந்தால் ஒலி அலை அலையாக அதிரும். நொடிக்கு இரண்டு அலை கேட்டால் 2 ஹெர்ட்ஸ் விலகல். அலை மெதுவாகி நின்றுபோகும் வரை மாஸ்டர் டியூனை நகர்த்துங்கள். கச்சேரி நடக்க நடக்க வாத்தியங்களின் சுருதி சற்று நகரும் என்பதால், பாட்டுகளுக்கு நடுவே இதை மறுபடி சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

ஸ்கேல் டியூன். பன்னிரண்டு ஸ்வரங்களையும் தனித்தனியே சென்ட் அளவில் ஏற்றி இறக்கும் வசதி. ஓர் அரைச்சுரத்துக்கு 100 சென்ட். தம்பூரா மீட்டும்போது கார்வையில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம் ‘ச’விலிருந்து 386 சென்டில் இருக்கிறது. கீபோர்டில் அது 400இல் நிற்கும். 14 சென்ட் இறக்கினால் காந்தாரம் தம்பூராவோடு ஒட்டிக்கொள்ளும். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், அதைத் தொட வேண்டியதில்லை. தம்பூராவைப் போட்டுவிட்டு, இறக்கிய காந்தாரத்தையும் இறக்காத காந்தாரத்தையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். காது உடனே சொல்லிவிடும்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஸ்கேல் டியூனை ஈ கீக்குப் போட்டுவிட்டு டிரான்ஸ்போஸை நகர்த்தும்போது, சில கருவிகளில் அந்தத் திருத்தம் விரல் வைக்கும் கீயோடு போகும், சிலவற்றில் ஒலிக்கும் ஸ்வரத்தோடு தங்கிவிடும். தங்கிவிட்டால் உங்கள் காந்தாரத் திருத்தம் வேறு ஏதோ ஸ்வரத்தைக் கெடுக்கும். கடையிலேயே டிரான்ஸ்போஸை 2 கட்டைக்கு மாற்றிச் சோதித்துவிடுங்கள்.

தாளம்: தவிலும் உறுமியும் பெட்டிக்குள் வருமா?

கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக உயர்த்திய மான்பூண்டியா பிள்ளையும், மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் புகழ்பெற்ற தட்சிணாமூர்த்தி பிள்ளையும் வாழ்ந்த ஊர் புதுக்கோட்டை. தாளத்துக்குப் ‘புதுக்கோட்டை பாணி’ என்று ஒரு வழியே உண்டு. அந்த ஊரிலிருந்து கடைக்குப் போகிறவருக்கு கீபோர்டில் இருக்கும் ‘இந்திய தாளம்’ பகுதி ஏமாற்றம்தான் தரும். தபலா, டோலக், வட இந்திய ஸ்டைல்கள் முன்னால் நிற்கும். தவில் என்று பெயர் இருந்தாலும் உள்ளே இரண்டு மூன்று அடிகள்தான் இருக்கும். உறுமி, பம்பை, தப்பு ஆகியவற்றை அநேகமாக நாம்தான் ஏற்ற வேண்டும்.

அதனால்தான் சொந்த ஒலியை ஏற்றும் இடத்தை மூன்றாவது நிபந்தனையாக வைத்தேன். வேலை இப்படி நடக்கும். தவில் கலைஞரை அமைதியான அறையில் உட்கார வைத்து, வலந்தலையில் விரல்கூடு போட்ட அடிகளையும், இடந்தலையில் குச்சி அடிகளையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்யுங்கள். ஆறு வகை அடி, ஒவ்வொன்றும் மெலிது, நடுத்தரம், பலம் என்று மூன்று அழுத்தம், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் இரண்டு பதிவு: மொத்தம் 36 ஒலிகள். ஒவ்வொன்றும் 2 நொடி என்றால் 72 நொடி. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ பதிவில் ஒரு நொடிக்கு சுமார் 88 கேபி ஆகும். ஆக முழுத் தவிலும் 6.4 எம்பிக்குள் அடங்கிவிடும். ஜிபி கணக்கில் இடம் தேவையில்லை. தேவை, ஏற்றும் வசதியும் அழுத்தத்துக்கேற்ப ஒலியைப் பிரிக்கும் வசதியும். ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப அடித்தால் இயந்திரம் போலக் கேட்கும் என்பதால்தான் இரண்டு பதிவு.

உறுமிக்கு வழி வேறு. அதன் உயிர், ஒரு பக்கத்துத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமலில் இருக்கிறது. அதை 4, 5 நொடி நீளமாகப் பதிவு செய்து ஒரு கீயில் வையுங்கள். ஏற்ற இறக்கத்தைப் பிட்ச் பெண்டால் கொடுங்கள். கஞ்சிராவின் கும்காரமும் இப்படித்தான்.

பதிவு செய்யும் கலைஞருக்கு, ஒலி எங்கெங்கே பயன்படும் என்று முதலிலேயே சொல்லி, அதற்கான தொகையைக் கொடுத்துவிடுங்கள். ஆல்பத்தில் அவர் பெயரைப் போடுங்கள். அவருடைய பல ஆண்டு உழைப்பு அந்த 6 எம்பிக்குள் இருக்கிறது.

தாளக் கணக்கில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கருவியின் சீக்வென்சரும் ஸ்டைல் உருவாக்கும் பகுதியும் 5/8, 7/8 அளவுகளை ஏற்கின்றனவா. 4/4 மட்டும் இருந்தால் கண்ட சாபுவும் மிஸ்ர சாபுவும் அமைக்க முடியாது. 6/8 சரியாக ஓடாவிட்டால் திஸ்ர நடையில் வரும் கும்மிப் பாட்டுகளும் கெடும். இரண்டு, டேப் டெம்போ. நையாண்டி மேளம் ஒரே வேகத்தில் நிற்காது. கரகம் சுற்றச் சுற்ற வேகம் ஏறும். அடிக்கேற்ப விரலால் தட்டி வேகத்தை மாற்றும் பொத்தான் மேல்பலகையிலேயே இருக்க வேண்டும். உயிருள்ள தவில் இருக்கும் மேடையில் ஸ்டைலை நிறுத்திவிட்டுக் கையால் மட்டும் வாசிப்பதே உத்தமம்.

கீ, எடை, கரண்ட்

நம் வேலைக்கு 61 கீ போதும். கீபோர்டை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் தம்பூரா, வலப்பக்கம் குழல் என்று வாசிப்பவர்கள் 76 கீ வாங்கலாம். பியானோ போன்ற 88 கனத்த கீகள் வேகமான பிருகாக்களுக்குத் தடையாக இருக்கும். தூக்குவதற்கும் இரண்டு ஆள் வேண்டும்.

எடையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வேனிலிருந்து இறக்கி வயல் வரப்பில் நடந்து மேடைக்குக் கொண்டுபோவது நீங்கள்தான். 61 கீ கிராஸ் 2 சுமார் 3.8 கிலோ, மோடிஎக்ஸ்6 சுமார் 6.6 கிலோ. கிராஸ் 2 ஆறு பென்டார்ச் பேட்டரியிலும், ஜூனோ-டிஎஸ்61 எட்டு பேட்டரியிலும் ஓடும். ஜெனரேட்டர் நின்று விளக்கணைந்தாலும் ஏற்றிவைத்த அமைப்பு கலையாமல் இருப்பது பெரிய நிம்மதி.

பேட்டரி இல்லாத கருவிக்குச் சிறிய யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். மைக்செட்டும் சீரியல் பல்பும் ஓடும் அதே இணைப்பில் கீபோர்டைச் செருகினால் வோல்டேஜ் ஏறி இறங்கும். எர்த் இல்லாத இணைப்பில் ‘உம்’ என்ற இரைச்சல் வரும். டிஐ பாக்ஸ் ஒன்று பையில் இருந்தால் அதைப் பெரும்பாலும் அடக்கலாம். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கம் வாசிப்பவர்கள் உப்புக் காற்றால் ஜாக்குகள் பச்சை பூக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கச்சேரி முடிந்ததும் உறையில் போடுவதும், மாதம் ஒருமுறை கான்டாக்ட் கிளீனர் அடிப்பதும் போதும்.

கடையில் ஒரு மணி நேரம்

திருச்சி, மதுரை, சென்னை எங்கே வாங்கினாலும் நேரில் போய் வாசித்துப் பாருங்கள். போகும்போது உங்கள் ஹெட்ஃபோன், ஒரு பென்டிரைவில் தவில் ஒலி நாலைந்து, போனில் தம்பூரா செயலி, நீங்கள் நன்றாக வாசிக்கும் ஒரு பாட்டு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.

1. டெமோவைப் போட விடாதீர்கள். எந்தக் கருவியின் டெமோவும் நன்றாகத்தான் இருக்கும்.

2. தம்பூராவோடு மாஸ்டர் டியூனைச் சேர்த்துப் பாருங்கள். பிறகு காந்தாரத்தை 14 சென்ட் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் கையேட்டைத் திறந்து நீங்களே செய்யுங்கள்.

3. தோடிச் சோதனை.

4. நாகஸ்வரம், குழல், வயலின் டோன்களில் மோனோ, லெகாட்டோ, போர்ட்டமென்டோ போட்டு, வைப்ரேட்டோவை நீக்கிப் பாருங்கள்.

5. பென்டிரைவில் இருந்து தவில் ஒலியை ஏற்றி ஒரு கீயில் வையுங்கள். இதற்கு எத்தனை படி ஆகிறது என்று கவனியுங்கள். கணினி இல்லாமல் முடிந்தால் மேலும் நல்லது.

6. டோன், டிரான்ஸ்போஸ், ஸ்கேல் டியூன் மூன்றையும் சேர்த்து ஒரே பொத்தானில் சேமித்து, கருவியை அணைத்துப் போட்டுப் பாருங்கள். சேமித்தது அப்படியே வர வேண்டும்.

7. ஒலி நின்றுபோகாமல் ஒரு டோனிலிருந்து இன்னொன்றுக்கு மாற முடிகிறதா என்று பாருங்கள்.

8. வாரண்டி அட்டை, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில், அடாப்டர் தனியாகக் கிடைக்குமா என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் கீபோர்டுக்கே போடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை ஸ்டாண்டு, கெட்டியான பெட்டி, சஸ்டெய்ன் பெடல், வால்யூம் பெடல், நல்ல கேபிள், யுபிஎஸ் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். வால்யூம் பெடலைச் சிலர் வேண்டாத செலவு என்பார்கள். குழலின் மூச்சும் நாகஸ்வரத்தின் ஏற்ற இறக்கமும் அந்தப் பெடலில்தான் வரும்.

பழையது வாங்கினால்

பெரிய ஊர் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் புது மாடலுக்கு மாறும்போது நல்ல கருவிகள் மலிவாக வரும். வாங்குவதில் தவறில்லை. ஒவ்வொரு கீயையும் மெலிதாகவும் பலமாகவும் அழுத்திப் பாருங்கள். ஒரு கீ மட்டும் எப்போதும் முழுச் சத்தத்தில் ஒலித்தால் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருக்கிறது. அது மாற்றக்கூடியது, விலையில் குறைக்கச் சொல்லலாம். பிட்ச் பெண்ட் நடுவில் நிற்காமல் சுருதி விலகினால் செலவு கூடும். திரையில் கோடு, சுழற்றும்போது தாவும் டயல், ஆட்டினால் கரகரக்கும் ஜாக் ஆகியவற்றையும் பாருங்கள். டிரைட்டனின் ஆரம்ப மாடல்களில் ஃபிளாப்பியும், முதல் மோட்டிஃபில் ஸ்மார்ட்மீடியா கார்டும்தான் சேமிப்புக்கு. இரண்டும் இன்று கிடைப்பது அரிது. எவ்வளவு நல்ல ஒலியாக இருந்தாலும் இதை யோசித்து வாங்குங்கள்.

பழைய கீபோர்டில் முந்தைய கலைஞர் ஏற்றிய டோன்களும் லூப்களும் இருக்கும். ‘டேட்டாவோடு தருகிறேன்’ என்று அதற்கும் சேர்த்து விலை சொல்வார்கள். எடுத்தவுடன் முழுவதையும் பென்டிரைவில் நகலெடுத்துவிட்டு, அதில் உங்கள் மேடைக்கு உதவுபவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குழுவும் ஒரே லூப்பைப் போட்டால் எல்லா ஊர்த் திருவிழாவும் ஒன்று போலக் கேட்கும். உங்கள் ஊர்த் தப்பின் அடி உங்கள் கீபோர்டில் இருப்பதற்கு ஈடாக எந்த விலைக்கும் டேட்டா கிடைக்காது.

முடிவாக, யாருக்கு எது?

புதிதாகக் கற்பவருக்கும் பக்திப் பாடல் பாடுபவருக்கும் இந்திய டோன்களுடன் வரும் தொடக்க நிலை அரேஞ்சர் போதும், பிட்ச் பெண்ட் இருந்தால். நாடக மேடைக்கு எடை குறைந்த, பேட்டரியில் ஓடும் மேடை சிந்தசைசர். கிராமியக் கச்சேரிக்கு வேவ் கோப்பை ஏற்றும் நடு வகை. கர்நாடகக் கச்சேரிக்கு, பிட்ச் பெண்டும் ஸ்கேல் டியூனும் சிறந்திருக்கும் கருவி எதுவோ அது, கம்பெனி எதுவானாலும். வீட்டு ஸ்டுடியோவுக்கு, கணினி ஏற்கெனவே இருந்தால் நடு வகையே போதும். கணினி இல்லாமல் முழுப் பாட்டையும் கருவியிலேயே முடிக்க நினைப்பவர் மட்டும் முழு ஒர்க்ஸ்டேஷனுக்குச் செலவிடலாம்.

வாங்கிய கருவியைக் காட்டி, ‘இனி தவில்காரருக்குச் சம்பளம் மிச்சம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுருதியைக் காக்க, இடையிசையை நிரப்ப, ஒத்திகைக்குத் தாளம் கொடுக்கக் கீபோர்டு வாங்குகிறோம். மேடையில் தவிலின் கூலியைக் குறைத்து அந்தப் பணத்தில் டோன் வாங்கும் குழுவிடம் சில ஆண்டுகளில் பதிவு செய்யக்கூடத் தவில் கலைஞர் இருக்க மாட்டார். ஆகவே முன்பணம் கொடுக்கப் போகும் நாளில் உங்கள் குழுவின் தவில் கலைஞரையும் நாகஸ்வரக் கலைஞரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். சுருதி சேர்கிறதா, தாளம் உட்காருகிறதா என்று அவர்கள் காதால் கேட்டுச் சம்மதித்த கருவியையே வாங்குங்கள்.